சுவருக்குப் பணம் இருக்கிறது, மனைக்கு இல்லை

(மாணவர்கள் நடத்தும் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



‘எல்லோருக்கும் வீடு: அரசுத் திட்டங்களும் நிதியும்’ என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். நான் பேச்சாளர் இல்லை. சிவிலில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். ஒரு ஸ்லாபுக்கு எவ்வளவு கம்பி, எத்தனை மூட்டை சிமென்ட் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கொள்கை பற்றிப் பேசுவதற்கு உங்கள் பேராசிரியர்கள் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்றேன். இல்லை, நீங்கதான் வரணும் என்றார்கள். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

என் அப்பா கொத்தனார். எங்களுக்குக் கடலூர் மாவட்டத்தில் ஒரு காலனி. எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் அப்பா கை வைத்த வீடுகள் முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஊர்த்தெருவில். கடைக்கால் எடுப்பதிலிருந்து கூரை போடுகிற வரைக்கும் அந்த வீடுகளுக்குள் அவர் சுதந்திரமாக நடமாடியிருக்கிறார். பால் காய்ச்சிய நாளோடு அது முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவருக்கு வாசல்தான்.

நாங்கள் வளர்ந்தது தொகுப்பு வீட்டில். 1994இல் இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் அம்மா பெயருக்கு வந்தது. அந்தத் திட்டத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1985-86இல் அது தொடங்கியபோது எல்லா ஏழைகளுக்குமான திட்டமாகத் தொடங்கவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள், இவர்களுக்காகத்தான் தொடங்கியது. 1993-94இல்தான் மற்ற ஏழைகளையும் சேர்த்தார்கள். 1996இல் தனித் திட்டமானது. 2016இல் பெயர் மாறி, பிரதம மந்திரி வீடு கட்டும் திட்டம் ஆனது. இன்றைக்கும் இலக்கில் 60 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு என்று விதி இருக்கிறது.

எங்கள் தொகுப்பு வீடு இன்னும் நிற்கிறது. உத்திரத்தில் கம்பி தெரிகிறது, அது வேறு கதை. ஏரி நிரம்பினால் கலங்கல் தண்ணீர் முதலில் வந்து சேருவது எங்கள் தெருவுக்குத்தான். சின்ன வயதில் அது மழையின் குற்றம் என்று நினைத்திருந்தேன். டிப்ளமோவில் சர்வே எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு விடுமுறைக்கு வந்தபோது, ஊரின் மட்டமும் காலனியின் மட்டமும் மனதுக்குள் தானாகவே ஓடியது. ஊர் மேட்டில் இருக்கிறது. நாங்கள் பள்ளத்தில் இருக்கிறோம். அதற்குப் பிறகு மழையைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

இப்போது என் தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அந்த ஒரே வீட்டில் அம்மா, அப்பா, தம்பி குடும்பம். வீடு கட்டும் திட்டத்துக்கு எழுதிப்போட்டான். அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, “சொந்த மனை இருக்கா?” இல்லை. “மனை வாங்கிட்டு வா தம்பி, வீடு போட்டுடலாம்.” கேட்டவர் நல்ல மனிதர்தான், கிண்டல் எதுவும் இல்லை. விதிப்படி பேசினார். அந்த ஒரு வரியைத்தான் இன்றைக்கு உங்களோடு சேர்ந்து பிரித்துப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் பணக்கணக்கு. அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

கிராமப்புறத்தில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்று 2016இல் முடிவு செய்தார்கள். சமையலிடம் உட்பட 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி இருக்க வேண்டும். இந்தப் பணத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, 72,000. மீதி 48,000 மாநிலம். இதில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால் தமிழ்நாடு அரசு கூரைக்கு 50,000, பிறகு 2020 கடைசியில் இன்னொரு 70,000 என்று சேர்த்தது. ஆக 2,40,000. இதற்கு மேல் நூறு நாள் வேலைக் கணக்கில் 90 நாள் கூலி, கழிப்பறைக்கு 12,000. இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தில் 72,000 கொடுத்தவர் பெயர் சுவரில் இருக்கிறது. அந்தச் சண்டையைக் கட்சிகள் போட்டுக்கொள்ளட்டும். நம் பிரச்சினை வேறு. 2024இல் இன்னும் இரண்டு கோடி வீடுகள் கட்டப்போவதாக ஒன்றிய அமைச்சரவை அறிவித்தபோதும் அதே 1,20,000தான். எட்டு வருடத்தில் எம்-சாண்ட், கம்பி, ஆள் கூலி எல்லாம் எங்கே போயிருக்கிறது என்று வீடு கட்டிய யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் சதுர அடி இரண்டாயிரத்துக்குக் குறைந்து எந்த மேஸ்திரியும் வெற்றிலை பாக்கு வாங்க மாட்டார். 269 சதுர அடிக்கு 5,38,000 ஆகிறது. கிடைப்பது பாதிக்கும் குறைவு. அதே 2024இல் தமிழ்நாடு அரசு தன் சொந்தக் காசில் கலைஞரின் கனவு இல்லம் என்று தொடங்கியது. அதில் 3,50,000, வீடு 360 சதுர அடி. அது பரவாயில்லை. ஆனால் அங்கேயும் வாசலில் நிற்கிற கேள்வி அதேதான்: மனை இருக்கா?

பணம் மொத்தமாகவும் வராது. அடித்தளம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டத்துக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, பூச்சு முடிந்தால் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் வந்து போட்டோ எடுப்பார்கள். ஊழலைத் தடுக்க இது தேவை என்பார்கள், ஒரு அளவுக்குச் சரிதான். ஆனால் முதல் தவணை வர வேண்டுமென்றால் அடித்தளம் முடிந்திருக்க வேண்டும். அடித்தளத்துக்குக் காசு யார் கொடுப்பது? குழுக் கடன். வாரம் வாரம் வந்து உட்கார்ந்து வசூலிக்கிற கம்பெனிக் கடன். எங்கள் தெருவில் கடைக்கால் போட்டதோடு நிற்கிற வீடுகளில் ஆடு கட்டியிருக்கிறார்கள். ஏழைகளிலும் கொஞ்சம் காசு புரட்ட முடிந்தவர்தான் ஏழைகளுக்கான வீட்டைக் கட்டி முடிக்கிறார்.

இந்த இடத்தில் என் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் சீனியர் ஒருவர், நல்ல சம்பளம், 2019இல் ஒரு ஃபிளாட் வாங்கினார். ஒரு நாள் டீ குடிக்கும்போது, “உங்களுக்கு என்னம்மா, கவர்மெண்டே வீடு கட்டிக் கொடுத்துடுது. நாங்கதான் இருபது வருஷம் இஎம்ஐ கட்டிச் சாகணும்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. பிறகு அவரே ஒரு நாள் பெருமையாகச் சொன்னார், தன் வீட்டுக்கடன் கணக்கில் 2,30,000 ரூபாய் மானியம் ஏறியிருக்கிறது என்று.

இது அவருக்குத் தனியாகக் கிடைத்த சலுகை இல்லை தோழர்களே. நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் கடனோடு இணைந்த வட்டி மானியம் என்று ஒரு பிரிவு இருந்தது. ஆண்டு வருமானம் 12 லட்சத்திலிருந்து 18 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு, 12 லட்சம் கடன் வரை 3 விழுக்காடு வட்டியை அரசு ஏற்றுக்கொண்டது. அதன் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு, அதிகபட்சம் 2,30,000 ரூபாயை ஒரே தவணையில் கடன் கணக்கில் போட்டது. வீடு 200 சதுர மீட்டர் வரை இருக்கலாம். 2021 மார்ச் வரைக்கும் இது நடந்தது. இதே பிரிவில் குறைந்த வருமானக்காரர்களுக்கு 2,67,000 வரை கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் மறைத்தேன் என்றாகும். ஆனால் அதற்கு முதலில் ஒரு வங்கி கடன் கொடுக்க வேண்டும். சித்தாள் வேலைக்குப் போகிறவரிடம் சம்பளச் சீட்டு ஏது?

இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். மாதம் ஒன்றரை லட்சம் வாங்குகிறவருக்கு ஒன்றிய அரசு 2,30,000 கொடுத்தது. குடிசையில் இருக்கிறவருக்கு அதே ஒன்றிய அரசு 72,000 கொடுக்கிறது. முன்னவர் ஒரு கட்டத்துக்கும் போட்டோ அனுப்பவில்லை. யாரும் வந்து அவர் அடித்தளத்தை எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கடன் வட்டிக்கு வருமான வரியில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரை கழிவு இருக்கிறதே, அதுவும் அரசு வீட்டுக்குச் செலவழிக்கிற பணம்தான். அதற்கு ‘இலவசம்’ என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என் சீனியர் வாங்கிய ஃபிளாட்டின் பத்திரத்தில் யுடிஎஸ் என்று ஒரு வரி இருக்கும். பிரிபடாத நிலப் பங்கு. நாலாவது மாடியில் இருந்தாலும் கீழே இருக்கிற மண்ணில் அவருக்கு ஒரு துண்டு பத்திரத்தோடு வந்துவிடுகிறது. என் தம்பியிடம் கேட்ட கேள்வியை அவரிடம் யாரும் கேட்க வேண்டியதே இல்லை.

மனைக்கு வருகிறேன். நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான்.

தஞ்சைப் பக்கம் ஒரு காலத்தில் விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை பண்ணையாருடையது. கூலி கூடக் கேட்டால் வேலை மட்டும் போகாது, குடிசையும் போகும். இரண்டும் ஒரே ஆளின் கையில் இருந்தன. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதைப் பற்றி இந்த வட்டத்தில் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கூலிச் சண்டை என்று அதைப் படித்திருப்போம். அந்த மக்கள் ஓடி ஒளிய வேறு இடம் இல்லாமல் போனதை மனைக் கேள்வியாகவும் படிக்க வேண்டும். 1971இல் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. குடியிருந்த மனை குடியிருந்தவருக்கே சொந்தம் என்றது. தொழிலாளிகளின் போராட்டம் இல்லாமல் அது வந்திருக்காது. என்னைக் கேட்டால், இந்த மாநிலத்தில் போடப்பட்ட மிகச் சிறந்த வீட்டுவசதிச் சட்டம் அதுதான். அதில் ஒரு செங்கல் கூடக் கிடையாது.

1974இல் தாட்கோ தொடங்கியபோது அதன் முதல் வேலை என்ன தெரியுமா? ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது. அரசு ஆவணங்களே அப்படித்தான் சொல்கின்றன. ஓலைக் கூரை அடுப்புப் பொறியிலும் பற்றும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை முதல்முறை படித்தபோது எனக்கு வெண்மணிதான் நினைவுக்கு வந்தது. எரிக்கிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எரியாத வீட்டைப் பற்றிப் பேசுகிற திட்டமாகத் தெரிந்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. அவற்றில் கான்கிரீட் வீடுகளும் இருந்தன. பெங்களூருக்கும் வேறு ஊர்களுக்கும் போய் உழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடுகள். கான்கிரீட்டுக்குத் தீப்பிடிக்காதுதான், உள்ளே இருக்கிற பீரோவுக்கும் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் பிடிக்கும். ஊரிலிருந்து தள்ளி, ஒரே இடத்தில், எல்லா வீடும் ஒரே சாதி என்று தெரிகிற மாதிரி வைத்திருந்தால், வருகிறவனுக்கு முகவரி தேடுகிற வேலையே இல்லை.

ஒவ்வொரு வீட்டு வசதித் திட்டமும் இந்த வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டுதான் அதன் மேல் கட்டுகிறது. பணம் காலனிக்கு வருகிறது, காலனி எங்கே இருக்கிறதோ அங்கேயே வருகிறது. ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய்க் கான்கிரீட் வந்தது, பெயர்ப் பலகையில் ‘நகர்’ என்று சேர்ந்தது. நாற்பது வருடத்தில் எங்கள் காலனிக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற அந்த முந்நூறு மீட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது.

மனை இல்லாதவருக்கு மனை கொடுக்க அரசுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1978இல் ஒரு சட்டம் போட்டார்கள். தமிழ்நாடு அரிசன நலத் திட்டங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம். பெயரைப் பொறுத்துக்கொள்ளுங்கள், சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை, மயானம், மயானப் பாதை போன்றவற்றுக்குத் தனியார் நிலத்தை வேகமாக எடுக்க வழி செய்கிற சட்டம். அதை எதிர்த்து வழக்குகள் போனபோது, 1995இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நஷ்டஈட்டைத் தவணையில் கொடுக்கும் பகுதியை மட்டும் நீக்கியது. 2013இல் புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்த பிறகும் தமிழ்நாடு அரசு மூன்று மாநிலச் சட்டங்களைக் காப்பாற்றி வைத்துக்கொண்டது. ஒன்று இது. மற்ற இரண்டு, தொழில் நோக்கங்களுக்கானது, நெடுஞ்சாலைக்கானது. 2019இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது அதே ஆண்டு இன்னொரு சட்டம் போட்டு மூன்றையும் உயிர்ப்பித்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அண்ணன் தம்பி மாதிரி மூன்று சட்டங்கள். நெடுஞ்சாலைக்கு எடுத்தால் நிலம் கைக்கு வந்து, கல் நட்டு, தார் போட்டு, டோல்கேட்டும் வந்துவிடுகிறது. எங்களுக்கு எடுத்தால் என்ன ஆகிறது?

என் சித்தியின் கதையைச் சொல்கிறேன். 2008இல் ஒரு விழா மேடையில் ஏறி இலவச வீட்டுமனைப் பட்டா வாங்கினார். மூன்று சென்ட். நாலைந்து பேர் கூட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பட்டாவை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அந்த மூன்று சென்ட் எங்கே என்று இன்றுவரை அளந்து காட்டவில்லை. எடுக்கப்பட்ட நிலம் ஊர்க்காரர் ஒருவருடையது, ஊருக்குப் பக்கத்தில், பேருந்து நிற்கிற சாலையை ஒட்டி. நல்ல இடம், பள்ளம் இல்லை. அதுதான் சிக்கலே. நிலத்துக்காரர் மட்டும் போயிருந்தால் நஷ்டஈட்டு வழக்காக முடிந்திருக்கும். ஊரே சேர்ந்து மனு கொடுத்தது. ‘பொது அமைதி பாதிக்கும்’ என்று எழுதியிருந்தார்களாம். காலனி இங்கே வந்தால் எங்கள் மனைகள் விலை போகாது என்று வெளிப்படையாகவே பேசினார்கள். இடைக்காலத் தடை வந்தது. அதற்குப் பிறகு எந்த அதிகாரியும் அந்தக் கோப்பைத் திறந்து தடையை நீக்க முயன்றதாக எங்களுக்குத் தெரியவில்லை. தனி வட்டாட்சியர்கள் வந்தார்கள், மாறினார்கள். அந்த நிலத்தில் இப்போது கரும்பு நிற்கிறது. சித்திக்கு மாற்று இடம் தருவதாக ஒருமுறை சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். ஏரிப் புறம்போக்கு. அதில் பட்டா கொடுத்தால் நாளைக்கே ஒரு நீர்நிலை வழக்கில் இடித்துவிடுவார்கள் என்று அளவை எடுக்க வந்த தம்பியே காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, நல்ல இடம் கொடுத்தால் ஊர் விடாது. கெட்ட இடம் கொடுத்தால் கோர்ட் விடாது. இதற்கு நடுவில் சித்தி பெயர் ‘மனை பெற்றவர்’ பட்டியலில் ஏறிவிட்டது. அதனால் புதிதாகக் கேட்கவும் முடியாது.

நகரத்துக்கு வருவோம், உங்களில் பாதிப் பேர் சென்னை.

1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971இல் அதற்கான சட்டம். ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று முறைப்படி அறிவித்துவிட்டால், உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கிருப்பவரை வெளியேற்ற முடியாது. குடிநீர், விளக்கு, தெரு எல்லாம் அதே இடத்தில் வர வேண்டும். 1971இல் சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாக அந்தப் பட்டியல் நீளவில்லை. நகரம் நீண்டது, குடிசைகள் கூடின. அறிவிப்பு மட்டும் நின்றுபோனது. அறிவிக்காவிட்டால் ‘ஆக்கிரமிப்பு’. ஆக்கிரமிப்பு என்றால் இடிக்கலாம். எழுபதுகளின் கடைசியில் உலக வங்கிப் பணத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை பிரித்து, குழாயும் சாலையும் போட்டு, வீட்டை நீயே கட்டிக்கொள் என்று கொடுத்தார்கள். அதில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் மண் மக்கள் கைக்கு வந்தது, இன்றைக்கு அந்த இடங்கள் ஊருக்கு நடுவில் இருக்கின்றன.

2000க்குப் பிறகு கதை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,000க்கும் மேல், பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் ஏறத்தாழ 20,000 வீடுகள். பெரும்பாக்கத்துக்குப் பணம் 2005இல் வந்த ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்திலிருந்து வந்தது. ஏன் அத்தனை வீட்டையும் ஒரே இடத்தில் குவித்தார்கள்? கெட்ட எண்ணம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சுலபம். பணம் வருகிற விதத்தைப் பாருங்கள். ஒன்றிய அரசு ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டுமானத்துக்குக் கொடுக்கும், நிலம் மாநிலத்தின் பாடு. நிதியாண்டுக்குள் எண்ணிக்கை காட்ட வேண்டும். அப்போது வாரியம் என்ன செய்யும்? விலை குறைந்த, யாரும் சண்டைக்கு வராத, மொத்தமாகக் கிடைக்கிற நிலத்தைத் தேடும். அது நகரத்துக்கு வெளியே, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து, ‘உங்கள் பாதுகாப்புக்காக’ என்று சொல்லி மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். அதே வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் மூழ்கியிருந்தது.

நான் வேலை பார்த்த ஒரு சைட் ஓஎம்ஆரில். அங்கே சித்தாளாக வந்த ஒரு அக்கா, ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர். முன்பு நடந்துபோய் மூன்று வீடுகளில் வேலை பார்த்தவர். மாறி வந்த முதல் வருடத்தில் பஸ்ஸிலேயே போய்வந்து பார்த்திருக்கிறார், ஒவ்வொன்றாக மூன்றும் போய்விட்டது. மகனைப் பழைய பள்ளியிலேயே விட முயன்று, பத்தாவது பாதியில் அவன் நின்றுவிட்டான். வேலை கேட்டுப் போகிற இடத்தில் பெரும்பாக்கம் என்று சொல்வதில்லை, மேடவாக்கம் என்று சொல்லிவிடுவேன் என்றார். கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. கல்லூரி முதல் வருடம் எந்தத் தெரு என்று கேட்டவர்களிடம் நானும் பக்கத்து ஊர்ப் பெயரைத்தான் சொல்லியிருந்தேன். அங்கே இருப்பவர்களில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள். கிராமத்தில் முந்நூறு மீட்டர், சென்னையில் முப்பது கிலோமீட்டர். நாம் ஆயிரம் வருடம் பழைய சேரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இது நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டெண்டர் விட்டு, லிஃப்ட் வைத்துக் கட்டிய சேரி.

சரி, நகரத்துக்குள்ளேயே இடம் கிடைக்காதா? சட்டம் ஒரு வழி சொல்கிறது. தமிழ்நாட்டின் கட்டட விதிகளில், பெரிய லேஅவுட் போடுகிறவரும் பெரிய அடுக்குமாடி கட்டுகிறவரும் 10 விழுக்காட்டைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு ஒதுக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறதா? கூடவே ஒரு ‘அல்லது’ இருக்கிறது. ஒதுக்க விருப்பமில்லை என்றால் ஷெல்டர் சார்ஜ் என்று ஒரு தொகையைக் கட்டிவிடலாம். என் அனுபவத்தில் நான் பார்த்த எந்தக் கோப்பிலும் ஒதுக்கீடு இல்லை, எல்லாவற்றிலும் ரசீதுதான். கணக்குப் பிரிவில் அதை ஒரு செலவு வரியாகவே எழுதுவார்கள், லிஃப்ட்டுக்கு மேலே, ஜெனரேட்டருக்குக் கீழே. அந்தப் பணம் ஏழைகளின் வீட்டுக்கான நிதிக்குப் போகிறது. வீடு வேறெங்கோ எழுகிறது. பக்கத்தில் ஏழை வராமலிருக்க ஒரு விலை வைத்து, அதை அரசே வசூலித்துக்கொள்கிறது. இந்த நாட்டில் ஏழை என்றால் பக்கத்தில் வரக்கூடாதவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ எழுதினார். அரசியல் நிர்ணய சபைக்காகத் தயாரித்த ஆவணம். அதில் குடியமர்த்தும் ஆணையம் ஒன்று வேண்டும் என்கிறார். அரசின் தரிசு நிலத்தை அதன் பொறுப்பில் விட வேண்டும், போதாதென்றால் விலைக்கு வாங்க வேண்டும், பட்டியல் சாதியினர் அங்கே தனிக் கிராமங்களாகக் குடியேற வேண்டும், இதற்கு ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து கோடி ரூபாயை ஒன்றிய அரசு கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து ஐந்து கோடி. தனிக் கிராமம் சரியா என்பதில் எனக்கே தடுமாற்றம் உண்டு, தருமபுரிக்குப் பிறகு இன்னும் அதிகம். ஆனால் அவர் எங்கே தொடங்குகிறார் என்று பாருங்கள். வீட்டில் தொடங்கவில்லை. நிலத்தில் தொடங்கி, அதற்கு ஒரு ஆணையத்தையும் ஆண்டுத் தொகையையும் எழுதி வைக்கிறார். நம்முடைய திட்டங்கள் எல்லாம் அதற்கு மறுமுனையில் தொடங்குகின்றன.

நேர் எதிர் திசையில் ஒரு முயற்சியும் நடந்தது. 1997இல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரம். நூறு வீடு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து சென்ட், 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 இதரர். முதலாவது மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில். இதைக் கிண்டல் செய்கிற நம் தோழர்கள் உண்டு. ஊரையும் சேரியையும் அப்படியே விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கட்டினால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் யார் பக்கத்தில் யார் வீடு என்பதை ஒரு அரசாணை தீர்மானித்த ஒரே திட்டம் அது. அதைச் செய்ய அரசால் முடியும் என்பதற்கு இருநூறுக்கும் மேற்பட்ட சமத்துவபுரங்கள் சாட்சி. பிறகு வந்த எந்தத் திட்டமும் அந்த வரியைத் தொடவில்லை.

நாம் கேட்க வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். வீட்டுத் திட்டத்தில் மனைக்கென்று தனி நிதித் தலைப்பு வேண்டும். அதில் வாங்குகிற நிலம் ஊருக்குள்ளோ ஊரை ஒட்டியோ, சாலை மட்டத்தில் இருக்க வேண்டும். முதல் தவணை கடைக்கால் எடுப்பதற்கு முன்னால் வர வேண்டும். நகரத்தில் அந்த ‘அல்லது’வை எடுத்துவிட வேண்டும். 1978 சட்டத்தின்படி எடுத்த நிலத்தில் தடை இருந்தால், அதை நீக்க அரசு வழக்கறிஞர் என்ன செய்தார் என்று ஆண்டுக்கு ஒரு முறை சட்டமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். 2024இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான துணைத் திட்டத்துக்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள். வழி இல்லை என்று சொல்ல முடியாது.

அதற்கு முன்னால் உங்களால் இந்த மாதமே முடிகிற ஒன்று. அவரவர் தாலுகாவில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய். மூன்று கேள்விதான். கடந்த இருபது ஆண்டுகளில் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக எத்தனை வீட்டுமனைப் பட்டா கொடுத்தீர்கள்? அவற்றில் எத்தனையை அளந்து, கல் நட்டு ஒப்படைத்தீர்கள்? எத்தனையில் இன்றைக்கு வீடு நிற்கிறது? எங்கள் தாலுகாவுக்கு நான் போட்டிருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, எண்ணிக்கையோடு, அழகாகத் தட்டச்சு செய்து. மற்ற இரண்டுக்கும் ‘தகவல் தொகுக்கப்பட்டு வருகிறது’ என்று வந்திருக்கிறது. மேல்முறையீடு போட்டிருக்கிறேன். சித்தியின் பட்டா நகல் பையில் இருக்கிறது, அதில் சர்வே எண்ணை எப்படிப் பார்ப்பது, எந்தப் பதிவேட்டோடு ஒத்துப்பார்ப்பது என்று கேட்டால் காட்டுகிறேன். மனு மாதிரியும் பத்துப் படி எடுத்து வந்திருக்கிறேன்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் இருக்கிறது என்றார்கள். பின்னால் அந்தத் தோழர் ரொம்ப நேரமாகக் கை தூக்கியபடி இருக்கிறார், அவரிடமிருந்து தொடங்கலாம்.